வாய்ப்புண் வரும் முன்பே தொடங்கிய ஊட்டம்: ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 41 வயதுப் பெண். அக்யூட் மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய். கீமோவுக்கு நோய் அடங்கி, முதல் தணிவு நிலையில் இருக்கிறார். திரும்பி வரும் ஆபத்து அதிகமுள்ள வகை என்பதால் கொடையாளரின் ஸ்டெம் செல்லை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்லைச் செலுத்தும் மாற்று சிகிச்சை முடிவானது. தம்பியின் ஹெச்.எல்.ஏ. என்ற திசு வகை முழுமையாகப் பொருந்தியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது தனியொருவரின் கோப்பிலிருந்து எடுத்தது அல்ல. மாற்று சிகிச்சை வார்டுகளில் திரும்பத் திரும்ப நடப்பதைப் பாடத்துக்காக ஒரே நோயாளியாகத் தொகுத்திருக்கிறேன். அவருடைய எடை, ரத்த அளவுகள், நாள் கணக்கு எல்லாம் அப்படித் தொகுத்தவைதான்.

இவரை முன்வைத்துச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. மாற்று சிகிச்சையில் சாப்பாட்டை நோயாளியின் மனவுறுதியிடம் விட்டுவிட முடியாது. ஆன்டிபயாட்டிக் போல, நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் போல, அளவும் நேரமும் குறித்து, யார் பொறுப்பு என்பதையும் எழுதிவைத்துக் கொடுக்க வேண்டிய சிகிச்சை அது. ‘முடிந்த அளவு சாப்பிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்வதை ஊட்டச் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன்.

சேர்க்கையின்போது கண்டவை

உயரம் 160 செ.மீ., எடை 58 கிலோ, பி.எம்.ஐ. 22.7. இந்த எண்களை மட்டும் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நோய் கண்டுபிடித்தபோது அவருடைய எடை 63 கிலோ. நான்கு மாதத்தில் 5 கிலோ, அதாவது ஏறக்குறைய 8 சதவீதம் போயிருக்கிறது. அதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று எடை மெஷின் சொல்லாது. கைப்பிடி வலிமையை அளந்தோம்: 17 கிலோ. 41 வயதுக்கு அது குறைவு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னபோது நான்காவது முறையிலேயே தொடை நடுங்கியது. மேல்கைச் சுற்றளவு 26 செ.மீ. இந்த எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். பின்னால் மிகவும் தேவைப்பட்டது.

ஊட்டக்குறை ஆபத்தைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் என்.ஆர்.எஸ். 2002 முறையில், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு மட்டுமே 3 புள்ளிகள் உண்டு. 3 வந்தாலே ‘ஆபத்து உண்டு, திட்டம் தேவை’ என்று அர்த்தம். ஆக, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு நடந்து வந்து சேர்கிற நோயாளிக்கும் ஊட்டத் திட்டம் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். இவருக்கு எடை இழப்பின் புள்ளியும் சேர்ந்துகொண்டது.

தேவையைக் கணக்கிட்டோம். கிலோவுக்கு 30 கிலோகலோரி என்று எடுத்தால் நாளுக்கு 1,740. கிலோவுக்கு 1.5 கிராம் புரதம் என்றால் 87 கிராம். கலோரி கணக்கு ஓரிரு நாள் முன்பின் ஆனால் பரவாயில்லை. புரதம் குறைந்தால்தான் பின்னால் தசையில் தெரியும். அதனால் நர்ஸ்கள் தினமும் நிரப்புகிற அட்டையில் புரதத்துக்குத் தனிக் கட்டம் போட்டோம்.

பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம், வைட்டமின் டி, சர்க்கரை, ட்ரைகிளிசரைடு எல்லாம் கீமோவுக்கு முன்பே பார்த்தாயிற்று. வைட்டமின் டி குறைவு. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதிகம், பலமுறை ரத்தம் ஏற்றியதன் விளைவு. ரத்தசோகை என்றதும் வீட்டிலிருந்து இரும்புச்சத்து டானிக் வந்துவிடுவது வழக்கம். இவருக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கி நிற்கிறது, டானிக் கூடவே கூடாது என்று குடும்பத்துக்குச் சொல்லிவிட்டோம்.

ஏன் நாள் +7-ஐ நினைத்து நாள் -8-இல் பேச வேண்டும்

ஸ்டெம் செல் ஏற்றும் நாளை நாள் 0 என்று வைத்து வார்டில் எல்லாக் கணக்கும் நடக்கும். அதற்கு முன்னால் பியூசல்ஃபானும் ஃப்ளூடராபினும் அடங்கிய கனமான கீமோ. பின்னால், கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்காதிருக்க சைக்ளோஸ்போரினும், சில நாட்களில் மட்டும் சிறிதளவு மெத்தோட்ரெக்சேட்டும். வாயிலிருந்து குடலின் கடைசி வரை உள்ள மெல்லிய உட்சவ்வு சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. கீமோ அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறது. பழைய சவ்வு உதிரும், புதியது வராது. பெரும்பாலும் நாள் +5-க்கு மேல் வாய்ப்புண் தொடங்கி, +7 முதல் +14-க்குள் உச்சம் தொடும். வெள்ளணுக்கள் அறவே இல்லாத நாட்களும் அவையே. மெத்தோட்ரெக்சேட் அந்தப் புண் ஆறுவதை இன்னும் தள்ளிப்போடும்.

அதாவது வாய் எப்போது மூடிக்கொள்ளும் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும். அப்படி இருக்கும்போது, மூடிய பிறகு என்ன செய்வதென்று யோசிப்பதில் நியாயமில்லை. புண் வந்த தொண்டை வழியாக, ரத்தத்தை உறையவைக்கும் ப்ளேட்லெட் வெறும் 10,000 இருக்கும்போது, மூக்குக் குழாய் போடுவது நோயாளிக்கு வேதனை, போடுகிறவருக்கும் பயம். அதே குழாயை நாள் +1, +2-இல் போட்டால் சில நிமிட வேலை.

குழாயைப் பற்றிய பேச்சு

இந்த நிகழ்வில் அதிக நேரம் எடுத்தது இந்தப் பேச்சுதான். மூக்குக் குழாய் என்றதும் அவர் முகம் திருப்பிக்கொண்டார். “அது கடைசிக் கட்டத்துல இருக்கிறவங்களுக்குப் போடுறதுதானே டாக்டர்? நான் நல்லாத்தானே இருக்கேன்?” என்றார். பக்கத்தில் இருந்த அம்மாவும் பயந்துவிட்டார். வாயால் சாப்பிடுகிற வரைக்கும்தான் மகள் நன்றாக இருக்கிறாள் என்பது அவருடைய கணக்கு.

அன்றைக்கு வற்புறுத்தவில்லை. மறுநாள் உணவியல் நிபுணர் ஒரு குழாயைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தார். 8 ஃப்ரெஞ்ச் அளவு, வெளி விட்டம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, நூடுல்ஸ் போல வளைகிறது. வயிற்றை வடிக்கப் போடும் தடித்த குழாயைத்தான் அவர் அதுவரை மனதில் வைத்திருந்திருக்கிறார். இதைப் போட்டுக்கொண்டே பேசலாம், தூங்கலாம், முடிந்தால் சாப்பிடவும் செய்யலாம் என்று சொன்னதும் அவர் கேட்ட கேள்வி வேறாக இருந்தது: “அப்ப சாப்பிடலன்னு யாரும் என்னைத் திட்ட மாட்டீங்களே?”

அந்தக் கேள்வியில் பெரிய உண்மை இருக்கிறது. கீமோ நடந்த மாதங்களில் ஒவ்வொரு வேளையும் அவருக்கும் அம்மாவுக்கும் இடையில் சண்டையாகவே முடிந்திருக்கிறது. “ஒரு வாயாவது சாப்பிடும்மா.” “முடியலம்மா, விடுங்க.” தட்டு அப்படியே திரும்பும், இருவரும் தனித்தனியாக அழுவார்கள். குழாய் வந்தால் இரவில் அவர் தூங்கும்போதே உணவு உள்ளே போய்விடும், பகலில் சாப்பாடு பரீட்சையாக இருக்காது. ஊட்டச் சிகிச்சையின் இந்தப் பயனை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. எனக்கு இது கலோரிக் கணக்குக்குச் சற்றும் குறைந்ததல்ல.

நாள் +2-இல், ப்ளேட்லெட் 46,000 இருக்கும்போது குழாய் போடப்பட்டது. முழுப் புரதமுள்ள திரவ உணவு, மில்லிக்கு ஒரு கிலோகலோரி. மணிக்கு 20 மில்லியில் தொடங்கி, நாளுக்கு நாள் ஏற்றி, நாள் +5-இல் மணிக்கு 55 மில்லி வந்தது. 20 மணி நேரம் ஓடினால் 1,100 கிலோகலோரி. வாயால் அவர் எடுத்துக்கொண்ட தயிர், வேகவைத்த முட்டை, சூப் ஆகியவற்றையும் சேர்த்தால் தேவையில் முக்கால் பங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

குடலுக்குள் கொஞ்சமாவது உணவு போக வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. குடல் சவ்வின் செல்கள் தம் ஊட்டத்தில் ஒரு பகுதியைக் குடலுக்குள் இருக்கும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பெருங்குடல் செல்களுக்கோ, நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் உடைத்துத் தரும் பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். உணவு நின்றால் சவ்வு மெலியும், நல்ல பாக்டீரியாக்களும் குறையும். 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நான்கு மருத்துவ மையங்களில் 1,362 மாற்று சிகிச்சை நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்தது. குடல் பாக்டீரியாக்களின் பன்மை குறைந்திருந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. இதுதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் குடலைப் பட்டினி போட என் மனம் ஒப்பவில்லை. கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் நோய்க்கு ஜி.வி.ஹெச்.டி. என்று பெயர். குழாய் வழி உணவு பெற்றவர்களிடம் குடலைத் தாக்கும் ஜி.வி.ஹெச்.டி. குறைவாக இருந்ததாகவும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தவை அல்ல. குழாயைத் தாங்க முடிந்தவர்களே ஓரளவு நல்ல நிலையில் இருந்தவர்களாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்தே அவற்றைப் படிக்க வேண்டும்.

நாள் +6: குழாய் வெளியே வந்தது

திட்டம் காகிதத்தில் இருக்கிற மாதிரி நடப்பதில்லை. நாள் +6 காலையில் கடும் வாந்தி. குழாய் வாய் வழியாகச் சுருண்டு வெளியே வந்துவிட்டது. வாய்ப்புண் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் மூன்றாம் நிலை, அதாவது திரவம் மட்டுமே இறங்கும். ப்ளேட்லெட் 11,000. ப்ளேட்லெட் ஏற்றிவிட்டுத் திரும்பப் போடலாமா என்று விவாதம் நடந்தது. அதை வேண்டாம் என்று வைத்தோம். தொண்டையின் நிலை அப்படி. மறுபடி போட்டாலும் வாந்தி அடங்கும் வரை நிற்காது.

முதல் வேலை வலியை அடக்குவது. நோயாளியே பொத்தானை அழுத்திப் போட்டுக்கொள்ளும் மார்ஃபின் பம்ப், உப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் மணிக்கொருமுறை வாய் கொப்பளித்தல், வாந்தி மருந்துகளை மாற்றி அடுக்குதல். வலி அடங்காமல் உணவைப் பற்றிப் பேசுவது அநியாயம். மார்ஃபின் குடலை மந்தமாக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தோம்.

நாள் +9 காலை அட்டையைப் பார்த்தால், மூன்று நாளாக உள்ளே போனது நாளுக்கு 300 கிலோகலோரிக்கும் கீழ். வெள்ளணு ஏற இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அன்றே சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தநாளத்தில் போட்டிருக்கும் குழாய் வழியாக ரத்தநாள ஊட்டம் தொடங்க முடிவெடுத்தோம். வார்டில் எல்லோரும் டி.பி.என். என்பது இதைத்தான். ஐரோப்பிய ஊட்டச் சிகிச்சைச் சங்கமான எஸ்பென்னின் வழிகாட்டுதலும் இதே வரிசையைத்தான் சொல்கிறது: வாய், பிறகு குழாய்; கடும் வாய்ப்புண், அடங்காத வாந்தி, குடல் செயலிழப்பு, உறிஞ்ச முடியாத நிலை, நீடித்த வயிற்றுப்போக்கு, அறிகுறிகளோடு கூடிய குடல் ஜி.வி.ஹெச்.டி. போன்றவை இருந்தால் டி.பி.என்.

ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. மாற்று சிகிச்சை என்றாலே டி.பி.என். என்ற பழக்கத்துக்குப் பலம் சேர்த்தது 1987-இல் வந்த ஓர் ஆய்வு. முன்கூட்டியே டி.பி.என். பெற்றவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று அது காட்டியது. ஆனால் அந்த ஆய்வில் எதிரணிக்குக் கிடைத்தது வெறும் குளுக்கோஸ் நீர்மம், குழாய் உணவு அல்ல. பட்டினியைவிட ஊட்டம் நல்லது என்பதற்குத்தான் அது சான்று. அதை வைத்துக் குழாயை ஒதுக்கியது சரியில்லை என்பது என் எண்ணம்.

டி.பி.என். கணக்கு எளிதுதான்: குளுக்கோஸ் 250 கிராம், அமினோ அமிலம் 85 கிராம், கொழுப்புக் குழம்பு 50 கிராம், மொத்தம் சுமார் 1,690 கிலோகலோரி. இவருடைய எடைக்கு அந்த குளுக்கோஸ் நிமிடத்துக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வருகிறது, மேல் எல்லையான 5-க்குக் கீழே பத்திரமாக. ஆனால் முதல் நாளே முழு அளவையும் கொடுக்கவில்லை. பாதிதான். அதற்கும் முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி.

காரணம் ரீஃபீடிங் சிண்ட்ரோம். சரியாகச் சாப்பிடாத உடம்பில் திடீரென்று குளுக்கோஸ் போனால் இன்சுலின் பாயும், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். இதயத் துடிப்பு தடுமாறலாம், மூச்சுத் தசை தளரலாம். பாதி அளவில் தொடங்கியும்கூட நாள் +10 காலை பாஸ்பேட் 1.7-க்கு இறங்கியது. அளவை அப்படியே நிறுத்தி, பாஸ்பேட்டை ரத்தநாளம் வழியாக ஏற்றி, அது 2.5-ஐத் தாண்டிய பிறகே அளவைக் கூட்டினோம். முழு இலக்குக்கு நான்கு நாள் ஆனது. பசித்த உடம்புக்கு அவசரமாக நிறையக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பொறுமையாகக் கூட்டுவதுதான் இங்கே அக்கறை.

டி.பி.என். ஓடும் நாட்களிலும் வாயை மூடிவைக்கவில்லை. விழித்திருக்கும்போது மணிக்கு இரண்டு மூன்று மடக்கு திரவ உணவு, விழுங்க முடியாத நாளில் அதைவிடக் குறைவு. பெரிய ஊட்டம் ஒன்றும் இல்லை. குடலுக்கும் தொண்டைக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அது போதும். குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்கலாமே என்று கேட்டார்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் எஸ்பென்னும் அதைப் பரிந்துரைக்கவில்லை, நாங்களும் சேர்க்கவில்லை. சர்க்கரை 180-ஐத் தாண்டாமல் இன்சுலினால் கட்டுப்படுத்தினோம், வாரம் இருமுறை ட்ரைகிளிசரைடு பார்த்தோம்.

நாள் +16-இல் ந்யூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500-க்கு மேல் தொடர்ந்து நின்றது, கொடையாளரின் அணுக்கள் வேர்பிடித்துவிட்டன. வாய்ப்புண் வேகமாக ஆறியது. டி.பி.என்-ஐ ஒரே நாளில் நிறுத்தாமல், வாய் வழி உணவு தேவையில் பாதியைத் தாண்டிய பிறகு குறைத்துக்கொண்டே வந்து நாள் +20-இல் எடுத்தோம்.

‘பச்சையாக எதுவும் கூடாது’ என்ற பட்டியல்

வார்டில் கைமாறி வந்த ஒரு பட்டியல் அம்மாவிடம் இருந்தது. பழமே கூடாது, தயிர் கூடாது, எல்லாவற்றையும் இருமுறை கொதிக்கவைக்க வேண்டும். நோயாளியால் சாப்பிட முடிந்த ஐந்தாறு பொருட்களில் மூன்று இதில் அடிபட்டுப் போயிருந்தன. ந்யூட்ரோபீனிக் டயட் என்று பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கும் இந்தக் கடும் கட்டுப்பாடு, தொற்றைக் குறைப்பதாக நம்பகமான சான்று இல்லை. 2023-இல் வெளியான இத்தாலியப் பல மைய ஆய்வு, மாற்று சிகிச்சை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. கட்டுப்பாடற்ற உணவு சாப்பிட்டவர்களுக்குத் தொற்று அதிகமாகவில்லை.

அதனால் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. வேகாத இறைச்சி, வேகாத மீன், பச்சை முட்டை, காய்ச்சாத பால், முளைகட்டிய தானியம், வெகுநேரம் வெளியே இருந்த உணவு இவையெல்லாம் கூடாதுதான். உயிருள்ள பாக்டீரியாக்களை மாத்திரையாக எடுப்பதும் வேண்டாம் என்றோம். தோலுரித்த, நன்றாகக் கழுவிய பழத்துக்கு அனுமதி. பாஸ்ச்சுரைஸ் செய்த பாலில் சுத்தமாகத் தயாரித்த தயிருக்கும் அனுமதி. சமைப்பவர் கை கழுவுவதும், வெட்டும் பலகையை இறைச்சிக்குத் தனியாக வைப்பதும், சூடான உணவைச் சூடாகவே கொடுப்பதும் அந்த நீண்ட பட்டியலைவிட அதிகம் காப்பாற்றும். கிரேப்ஃப்ரூட் மட்டும் வேறு காரணத்துக்காகத் தடை: அது சைக்ளோஸ்போரினின் ரத்த அளவை ஏற்றிவிடும். மூலிகைச் சாறுகளையும் வேண்டாம் என்றோம்.

நாள் +27: குடல் ஜி.வி.ஹெச்.டி.

வீட்டுக்கு அனுப்பப் பேசிக்கொண்டிருந்தபோது வயிற்றுப்போக்கு தொடங்கியது. பச்சை நிறத்தில், தண்ணீராக, ஒரு நாளில் 1,150 மில்லி. அளந்ததால்தான் இந்த எண் கிடைத்தது. ‘நிறைய போகிறது’ என்று எழுதியிருந்தால் நோயின் நிலையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் குடல் ஜி.வி.ஹெச்.டி.யின் நிலைகளே மலத்தின் அளவை வைத்துத்தான் பிரிக்கப்படுகின்றன. 1,000-க்கும் 1,500-க்கும் இடையில் என்றால் இரண்டாம் நிலை. சி.எம்.வி. என்ற வைரஸ், க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியா ஆகியவற்றின் தொற்று இல்லை என்று பார்த்து, எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுவில் உறுதிசெய்து, கிலோவுக்கு 2 மில்லிகிராம் மெத்தில்ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கினார்கள்.

ஊட்டத்தின் கண்ணால் பார்த்தால் இது முதல் கட்டத்தைவிட மோசமானது. சேதமடைந்த குடல் வழியாகப் புரதம் கசிந்து வெளியேறுகிறது. ஸ்டீராய்டு தசையைக் கரைக்கிறது, சர்க்கரையை ஏற்றுகிறது. நோயாளிக்கு எதையும் உண்ண விருப்பமில்லை. இரண்டே நாளில் எடை 55-இலிருந்து 59.4 ஆனது. ‘எடை ஏறியிருக்கே’ என்று உறவினர் ஒருவர் சந்தோஷப்பட்டார். கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. எல்லாம் நீர். அப்போதுதான் முதல் பக்கத்தில் எழுதிய மேல்கைச் சுற்றளவு கைகொடுத்தது: 26-இலிருந்து 22.5 செ.மீ. ரத்தப் புரதமான ஆல்புமின் 2.3 என்பதை ஊட்டக்குறை என்று மட்டும் படிக்கக்கூடாது. அழற்சியும் குடல் கசிவும் அதில் பெரும்பங்கு. ஆல்புமின் பாட்டிலை ஏற்றினால் ஊட்டம் கொடுத்ததாக ஆகாது.

டி.பி.என். திரும்பவும் வந்தது, இந்த முறை புரதம் கிலோவுக்கு 1.8 கிராம். நீர் கோத்த எடைக்கு இல்லாமல், 55 கிலோவுக்கே கணக்கிட்டோம். முன்பெல்லாம் இந்தக் கட்டத்தில் குடலுக்கு முழு ஓய்வு கொடுப்பார்கள். வயிற்றுவலி கட்டுக்குள் இருந்தது, ரத்தப்போக்கு இல்லை, குடல் அசைவு கேட்டது. ப்ளேட்லெட்டும் 62,000 இருந்ததால் மெல்லிய குழாயை மறுபடி போட்டு, புரதம் ஏற்கெனவே சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட பெப்டைடு வகை உணவை மணிக்கு 10 மில்லி மட்டும் விட்டோம். மலம் கூடுகிறதா என்று ஆறு மணிக்கொருமுறை பார்த்தோம், கூடவில்லை. இந்த முறை குழாயைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, தானே தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.

மக்னீசியம் ஒரு தனித் தலைவலி. சைக்ளோஸ்போரின் அதைச் சிறுநீரில் வெளியேற்றும், வயிற்றுப்போக்கும் இழக்கச் செய்யும். மாத்திரையாகக் கொடுத்தால் மாத்திரையே வயிற்றுப்போக்கைக் கூட்டும். ஆகவே தினமும் ரத்தநாளம் வழியாகத்தான்.

மலம் 500 மில்லிக்குக் கீழே வந்ததும் உணவைப் படிப்படியாகத் திறந்தோம். முதலில் நார் இல்லாத, கொழுப்பு குறைந்த, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இல்லாத மென்மையான உணவு, ஒரு வேளைக்கு நாலைந்து கரண்டி. இரண்டு நாளைக்கு ஒரு புதிய பொருள்தான். ஒரே நாளில் மூன்றைச் சேர்த்து வயிற்றுப்போக்கு கூடினால் எதனால் என்று தெரியாது. கொழுப்பு பிறகு, பாலும் நாரும் கடைசியாக. லாக்டோஸைத் தள்ளிவைக்க அது செரிக்காது என்பது மட்டும் காரணமில்லை. 2019-இல் வந்த ஓர் ஆய்வு, லாக்டோஸ் கிடைத்தால் குடலில் என்டெரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகுவதையும், எலிகளில் லாக்டோஸை நீக்கியபோது ஜி.வி.ஹெச்.டி. தணிந்ததையும் காட்டியது. மனிதர்களுக்கான விதியாக அதை எடுத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் அந்த வாரங்களில் லாக்டோஸைச் சேர்க்க அவசரம் எதுவும் இல்லை.

கட்டிலோரத்தில் தொங்கிய அட்டையில் ஒரு பக்கம் அன்று சேர்த்த உணவு, மறுபக்கம் மலத்தின் அளவு. அதை எழுதும் வேலையை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் நேரம் குறித்து, பிறகு அட்டையில் அழகாகப் பார்த்து எழுதுவார். ‘சாப்பிடு’ என்று கெஞ்சுவதற்குப் பதில் அவருக்கு உருப்படியான பங்கு ஒன்று கிடைத்தது. அதன் பிறகு அந்த அறையில் சாப்பாட்டுச் சண்டை நடந்ததாக நர்ஸ் யாரும் சொல்லவில்லை.

வீடு திரும்பிய பின்

நாள் +54-இல் வீட்டுக்குப் போனார். எடை 51.8 கிலோ, சேர்க்கையிலிருந்து 10.7 சதவீதம் குறைவு. கைப்பிடி 12 கிலோ. இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் 5 கிலோ போயிருந்தால் எழுந்து நடக்கும் நிலையில் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

வீட்டில் முதல் பிரச்சினை ருசி. எல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் எதுவுமே தெரியவில்லை. ருசி திரும்பச் சில மாதங்கள் ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. உலோகச் சுவைக்குப் ப்ளாஸ்டிக் கரண்டி, வாய் உலர்வுக்கு அடிக்கடி சிறு மடக்கு நீர், சூட்டில் வரும் மணம் குமட்டினால் ஆறிய உணவு. மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஆறு சிறிய வேளை, ஒவ்வொன்றிலும் ஏதாவது புரதம். இவர் எடுத்த ஒரு பூஞ்சை மருந்து உணவோடு சேர்ந்தால்தான் சரியாக உறிஞ்சப்படும் என்பதால் அதை நாளின் கனமான வேளையோடு பொருத்தினோம்.

ஸ்டீராய்டு குறையக் குறையத் தசையைத் திரும்பக் கட்டும் வேலை. புரதம் மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில் தொடங்கினார், ஒரு வேளைக்கு ஐந்து முறை. பிசியோதெரபிஸ்ட் வாரந்தோறும் கூட்டினார். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் புரத பானம்.

நாள் +100-இல் எடை 54.3 கிலோ, வீக்கம் இல்லை. மேல்கைச் சுற்றளவு 24 செ.மீ., கைப்பிடி 15 கிலோ. கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார். ஸ்டீராய்டு குறைந்த அளவில் தொடர்கிறது, சர்க்கரைக்கு இன்சுலின் நின்றுவிட்டது. வைட்டமின் டி தொடர்கிறது, எலும்பு அடர்த்தி ஸ்கேன் பதிவாகியிருக்கிறது, ஃபெரிட்டினும் லிப்பிடுகளும் ஆறாம் மாத வருகையில் பார்க்கப்படும். அதுவரை எடையோடு மேல்கைச் சுற்றளவையும் வீட்டிலேயே வாரம் ஒருமுறை அளந்து எழுதச் சொல்லியிருக்கிறோம். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு இரண்டு நாளைத் தாண்டினாலோ அடுத்த வருகைத் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே வார்டுக்கு வர வேண்டும்.